குறிக்குப் பின்னால் நிற்பவர்: திறந்த உலகச் சாமுராய் விளையாட்டின் சூழல்புதிர்களும் ஆற்றுப்படை மரபும்

ஆய்வுச்சுருக்கம்

திறந்த உலகக் காணொளி விளையாட்டுகளில் ஆட்டக்காரர் காற்று, மலர், விலங்கு, புகை முதலியவற்றைப் படித்து வழி காணும் பகுதிகள் சூழல்புதிர்கள் எனப்படுகின்றன. 2020ஆம் ஆண்டு வெளியான ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’ என்னும் சாமுராய் விளையாட்டில் இப்புதிர்கள் அமைந்துள்ள முறையை இக்கட்டுரை விளக்குகிறது. அவற்றைத் திணைக் கோட்பாட்டோடு பொருத்துவதைக் காட்டிலும் ஆற்றுப்படை மரபோடு, குறிப்பாக மலைபடுகடாத்தோடு, ஒப்பிடுவதே பயன்தரும் என்பது இதன் கருத்து. நிலம் தரும் குறியை அங்கு வைத்தவர் யார் என்னும் வினா இவ்வொப்பீட்டின் அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. குறி வைத்தவர் எவருமில்லாத நிலத்திற்கு எடுத்துக்காட்டாக முத்தாண்டிக்குப்பத்தை உள்ளடக்கிய நெய்வேலி வட்டாரம் இறுதிப் பகுதியில் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சூழல்புதிர், திறந்த உலக விளையாட்டு, சுஷிமா, ஆற்றுப்படை, மலைபடுகடாம், குறி, நெய்வேலி.

முன்னுரை

காணொளி விளையாட்டு என்றதும் வன்முறை, நேர விரயம், கண்பார்வைக் கேடு ஆகியவை பேசப்படுவதே வழக்கம். விளையாட்டை ஒரு பனுவலாகக் கொண்டு, அது தன் பொருளை எவ்வாறு உணர்த்துகிறது என ஆராயும் போக்கு தமிழில் இன்னும் பரவலாகவில்லை. கல்லூரி மாணவர் பலர் நாள்தோறும் பல மணிநேரம் உலவும் கற்பனை நிலங்களைத் தமிழாய்வு கண்டுகொள்ளாமல் இருப்பதற்கு நியாயமான காரணம் ஒன்றும் இல்லை. நிலத்தைப் பொருளாகப் படிக்கும் நெடிய மரபுடைய மொழிக்கு இத்துறையில் சொல்வதற்குச் செய்தி உண்டு.

ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. புதிய ஊடகம் எதைக் கண்டாலும் அது சங்க இலக்கியத்தில் முன்பே உள்ளது என்று நிறுவ முற்படும் கட்டுரைகள் ஏராளம். ஒற்றுமையைக் காட்டுவது எளிது. எந்த இடத்தில் ஒற்றுமை முடிந்து வேற்றுமை தொடங்குகிறது எனக் காட்டினால்தான் ஒப்பீட்டுக்குப் பொருள் உண்டு.

சூழல்புதிர்: வரையறை

விளையாட்டில் ஒரு தடை நிற்கிறது. அதை நீக்கும் வழி ஆயுதத்திலோ உரையாடலிலோ இல்லை. சுற்றியுள்ள இடத்திலேயே மறைந்திருக்கிறது. அவ்விடத்தைக் கூர்ந்து நோக்கிப் பொருள்களுக்கிடையே உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தால் வழி திறக்கும். இதுவே சூழல்புதிர். இந்திய நிலத்தைக் களமாகக் கொண்ட எடுத்துக்காட்டு வேண்டுமெனில், 2017இல் வெளிவந்த ‘அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகசி’ என்ற விளையாட்டைச் சுட்டலாம். அது மேற்குத்தொடர்ச்சி மலையில் ஒய்சளர் காலத்து இடிபாடுகளைக் கற்பனை செய்துகொண்டது. அங்கே சிலைகளையும் பொறிகளையும் உரிய முறையில் இயக்கினால் மட்டுமே கதவு திறக்கும். புதிர் ஒரு பூட்டு. விடை அதன் சாவி.

சுஷிமாவில் நிகழ்வது வேறு. அங்குப் புதிர் பூட்டிய அறைக்குள் இல்லை, வெட்டவெளியில் இருக்கிறது. திறக்க வேண்டிய கதவும் பெரும்பாலும் இல்லை. ‘எங்கே போவது’ என்பதே வினா. புதிர் என்ற சொல்லே இவற்றுக்குச் சற்று மிகை என்று கருதுவோரும் உளர். கடினத்தை மட்டும் அளவாகக் கொண்டால் அவர்கள் கூற்று சரியே. சுஷிமாவின் புதிர்களுள் பல சிறுவரும் விடுவிக்கக்கூடியவை. அவை எவ்வளவு கடினமானவை என்பதைவிட, எந்தப் புலனை வேலை வாங்குகின்றன என்பதே இங்கு ஆராயத்தக்கது.

வரைபடம் அகற்றப்பட்ட நிலம்

‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’வை அமெரிக்காவின் சக்கர் பஞ்ச் நிறுவனம் உருவாக்க, சோனி நிறுவனம் 2020 சூலை 17 அன்று வெளியிட்டது. இக்கித் தீவுப் பகுதியைச் சேர்த்த விரிவாக்கப் பதிப்பு 2021இலும், கணினிப் பதிப்பு 2024இலும் வந்தன. கதைக்களம் 1274ஆம் ஆண்டு. மங்கோலியர் படை சப்பானைத் தாக்க வந்து, கியூசூவுக்கும் கொரியாவுக்கும் இடையிலுள்ள சுஷிமாத் தீவில் முதலில் இறங்குகிறது. படையெடுப்பு வரலாற்று உண்மை. கதைத்தலைவன் சின் சகாய் கற்பனை மாந்தன். கொமோடாக் கடற்கரைப் போரில் சாமுராய்கள் வீழ்ந்துபட, உயிர் தப்பிய சின் தீவை மீட்கப் போராடுவதே கதை.

திறந்த உலக விளையாட்டுகளுள் பெரும்பாலானவை திரையின் மூலையில் ஒரு குறுவரைபடத்தை வைத்திருக்கும். அதில் அம்புக்குறியோ புள்ளியோ ஒளிரும். நாளடைவில் ஆட்டக்காரரின் கண் அம்மூலையிலேயே நிலைத்துவிடுகிறது. பல கலைஞர்கள் ஆண்டுக்கணக்கில் தீட்டிய காடும் மலையும் பாராமலே கடந்து போகின்றன. கைப்பேசி வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே ஊருக்குள் நுழைபவர் ஊரைப் பாராததற்கு ஒப்பானது இது. சுஷிமாவின் வடிவமைப்பாளர்கள் இக்குறுவரைபடத்தை அகற்றிவிட்டனர். அதற்கு மாற்றாக வைத்ததுதான் வழிகாட்டும் காற்று.

ஆட்டக்காரர் முழு வரைபடத்தில் ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்கிறார். பின்பு கட்டுப்பாட்டுக் கருவியின் தொடுபரப்பில் விரலை மேல்நோக்கித் தள்ளினால், சேரவேண்டிய திசை நோக்கிக் காற்று எழுகிறது. நாணற்புல் சாய்கிறது, உதிர்ந்த இலைகள் பறக்கின்றன. அம்புக்குறி சொல்லும் அதே செய்தியைத்தான் காற்றும் சொல்கிறது. ஆனால் அதை அறிய ஆட்டக்காரர் புல்லைப் பார்க்க வேண்டும். அதற்குள் நிலத்தையும் பார்த்துவிடுகிறார். தொழில்நுட்பத்தால் சிறிய மாற்றம், பார்வையால் பெரிய மாற்றம்.

காற்றோடு வேறு குறிகளும் உள்ளன. பொன்னிறப் பறவை ஒன்று அருகில் வந்து வட்டமிட்டு, பின்தொடர்பவரைக் காணத்தக்க இடத்திற்கு அழைத்துச் செல்லும். நரி தன் வளையிலிருந்து வெளிப்பட்டு, ஓடியும் நின்று திரும்பிப் பார்த்தும் இனாரித் தெய்வத்தின் சிறு கோயிலைக் காட்டும். சப்பானிய நம்பிக்கையில் நரி இனாரியின் தூதாதலால், இது வெறும் அலங்காரம் அன்று. தொலைவில் எழும் புகை ஆள் நடமாட்டத்தைத் தெரிவிக்கும். ஆவி தவழும் இடத்தில் வெந்நீர் ஊற்று இருக்கும். குன்றுகளின் மேலுள்ள சின்டோக் கோயில்களுக்குச் செல்லும் பாதை சிதைந்திருக்க, சிவந்த தோரண வாயில்களின் எச்சங்களைக் கொண்டே ஏறும் தடத்தை ஊகிக்க வேண்டும்.

மலரும் பனியும்

இவ்விளையாட்டின் சூழல்புதிர்கள் செறிவாக அமைவது தொன்மக் கதைகள் எனப்படும் துணைக்கதைகளில்தான். தடயோரி என்ற பழைய வில்வீரனின் கவசத்தைத் தேடும் கதையை இங்கு எடுத்துக்கொள்ளலாம். இசைவாணன் ஒருவன் அக்கதையைச் சொல்கிறான். வழிகாட்டும் காற்று இங்கு முழு விடையைத் தருவதில்லை. கையால் வரைந்த கோட்டுச் சித்திரமும், ஊதா மலர்கள் மலர்ந்துள்ள இடம் என்ற குறிப்புமே கிடைக்கின்றன. சித்திரத்தில் ‘நீங்கள் இங்கிருக்கிறீர்கள்’ என்னும் புள்ளி கிடையாது. கரையின் வளைவைச் சித்திரத்தின் கோட்டோடு ஒப்பிட்டு, மலரின் நிறத்தைத் தேடி, மலர்கள் தொடரும் திசையில் ஏற வேண்டும்.

இதே விளையாட்டில் இயக்குநர் அகிரா குரோசாவாவின் பெயரால் ஒரு கறுப்பு-வெள்ளைக் காட்சிமுறையும் உண்டு. அம்முறையில் ஆடுபவருக்கு ஊதா மலர் ஊதாவாகத் தெரியாது. நிறத்தைக் குறியாக்கிய அதே படைப்பு, நிறத்தைப் பறித்துக்கொண்டும் ஆடச் சொல்கிறது. திரைப்படக் காதலும் புதிர் அமைப்பும் ஒன்றையொன்று இடறும் இடம் இது.

அணையாத் தீயைப் பற்றிய மற்றொரு கதையில் சோகாகு மலையின் பனியில் ஏற வேண்டும். வழிநெடுக ஆங்காங்கே தீ மூட்டப்பட்டிருக்கிறது. ஒரு தீயிலிருந்து அடுத்ததை எட்டுவதற்குள் குளிர் உயிரை வாங்கிவிடும். ஆகவே அடுத்த தீயின் ஒளி எங்கே தெரிகிறது என்பதைக் கண்டறிந்த பிறகே நகர வேண்டும். இங்குத் தீ இலக்கைக் காட்டும் குறியாகவும் உயிர்காக்கும் பொருளாகவும் ஒருசேர நிற்கிறது. குறியைப் படிக்கத் தவறினால் விலை கொடுக்க நேரும் அரிய இடங்களுள் இது ஒன்று. அவ்விலையும் சிறிது நேரமே. சற்று முன்னிருந்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்கலாம்.

திணைப் பொருத்தத்தின் எல்லை

தெய்வம், மா, மரம், புள், பறை, யாழ் எனத் தொல்காப்பியம் கூறும் கருப்பொருள்களை இவ்விளையாட்டில் அடையாளம் காண்பது கடினமன்று. இனாரி தெய்வம், நரி மா, பொன்பறவை புள் என அட்டவணை ஒன்று வரைந்துவிடலாம். ஆனால் மரமும் பறவையும் தெய்வமும் இல்லாத நிலக்கற்பனை உலகில் எங்கும் இல்லை. இவ்வட்டவணை எதையும் நிறுவாது.

திணைக் கோட்பாடு உண்மையில் பயன்படும் இடம் ஒன்று உண்டு. தீவின் சில இடங்களில் சின் அமர்ந்து ஐக்கூக் கவிதை இயற்றுகிறான். ஒவ்வோர் அடிக்கும் கண்ணெதிரே உள்ள காட்சிகளில் ஒன்றை ஆட்டக்காரர் நோக்கித் தேர்ந்தெடுக்க வேண்டும். நோக்கிய காட்சிக்கேற்ப அடி அமையும். 13ஆம் நூற்றாண்டில் ஐக்கூ தனி வடிவமாக நிலைபெறவில்லை என்பதால் இது காலவழு. அதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், மூன்று அடிகளுக்குள் அகத்தைப் புறக்காட்சியால் சொல்ல வைக்கும் பயிற்சி இது. சங்கப் புலவர் உரிப்பொருளுக்கு ஏற்ற முதலையும் கருவையும் தேர்ந்தார். இங்கு ஆட்டக்காரர் முதலில் நிலத்தை நோக்குகிறார். உணர்வு அதற்குப் பின்னர் வந்து சேர்கிறது. எந்தக் காட்சியைத் தேர்ந்தாலும் கவிதை முடிந்துவிடும்; பிழையான விடை என ஒன்றில்லை. ஆகவே அது புதிர் அன்று, தேர்வு மட்டுமே.

வழி காணுதல் என்பதே சூழல்புதிரின் உயிர். எனவே அகத்திணையைவிட, வழி சொல்வதையே இலக்கிய வகையாக்கிய ஆற்றுப்படையே அதற்கு நெருங்கிய உறவு.

மலைபடுகடாத்தின் வழிக்குறிகள்

கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகியோருள் பரிசில் பெற்றுத் திரும்புவோர், எதிர்ப்படும் வறியோரிடம் தாம் பெற்றதைக் கூறி, அவ்வள்ளலிடம் செல்லும் வழியையும் காட்டுவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் இவ்வகையின. அவற்றுள் 583 அடிகளையுடைய மலைபடுகடாம், பெருங்கௌசிகனார் நன்னன் மீது பாடியது. கூத்தராற்றுப்படை என்னும் பெயரும் உடையது. மற்ற ஆற்றுப்படைகளைக் காட்டிலும் இதில் வழி என்பது உடல் உணரும் வழியாக இருக்கிறது. பன்றிகளைப் பிடிக்க வைத்த கற்பொறிகள், தினைப்புனம் காப்போர் யானைமேல் எறியும் கவண்கற்கள், பாம்புகள் மறைந்துள்ள குழிகள், வழுக்கும் பாறைகள் என எச்சரிக்கைகள் வரிசையாக வருகின்றன.

சூழல்புதிரின் பார்வையில் மூன்று செய்திகள் முதன்மையானவை. வழி தவறினால் அங்குமிங்கும் அலையாமல், அகன்ற பாறையில் ஒன்றுகூடி இருந்து இசைக்கருவிகளை இயக்குமாறு பாட்டு கூறுகிறது. இசையைக் கேட்ட கானவர், வெள்ளத்தில் அகப்பட்டோரைக் காக்க விரைவாரைப்போல் வந்து வழிகாட்டுவர். 2025இல் வெளிவந்த இவ்வரிசையின் அடுத்த விளையாட்டான ‘கோஸ்ட் ஆஃப் யோத்தே’யில் கதைத்தலைவி அட்சு, சாமிசென் என்னும் நரம்புக் கருவியில் பாட்டை மீட்டினால் காற்று எழுந்து வழிகாட்டுகிறது. இசை இரண்டிலும் வழி கேட்கும் செயலே. ஆனால் மலைபடுகடாத்தில் இசைக்கு மறுமொழியாக வருவது காற்றன்று. அம்மலையில் வாழும் மனிதர்.

அடுத்தது கவலை எனப்படும் கிளைவழிகள். அங்கே வீழ்ந்த வீரரின் பெயர் பொறித்த நடுகற்கள் நிற்கின்றன. கூத்தர் அவற்றின் முன் தம் இசையை இசைத்துவிட்டு விரைந்து கடக்க வேண்டும். சுஷிமாவிலும் தொடுபரப்பில் விரலைத் தள்ளினால் சின் குனிந்து வணங்குவான். சில இடங்களில் அவ்வணக்கத்திற்குச் சூழலும் மறுமொழி தரும். நடுகல்லோ எந்த மறுமொழியும் தருவதாகப் பாட்டில் இல்லை. வணக்கம் அங்கே கடமை, திறவுகோல் அன்று.

மூன்றாவது செய்தியே மிக நுட்பமானது. குழப்பும் கிளைவழியில் தாம் சென்ற வழி இதுவென்று தெரியுமாறு, அவ்விடத்தைத் துடைத்துச் சீர்செய்து, புல்லை முடிந்துவைத்துச் செல்லுமாறு கூத்தர் அறிவுறுத்தப்படுகின்றனர். நிலம் தெரியாத புதியவர்கள் பின்னால் வரும்போது அப்புல்முடிச்சு வழிகாட்டும். குறியைப் படிக்க வந்தவர் குறி வைப்பவராகவும் மாறுகிறார். சுஷிமாவின் தனிநபர் ஆட்டத்தில் இதற்கு இணை இல்லை. அத்தீவில் ஆட்டக்காரர் எத்தனை முறை நடந்தாலும் பின்வருபவருக்கென ஒரு புல்லையும் முடிந்து வைக்க இயலாது.

குறியை வைத்தவர்

இவ்வேற்றுமையின் வேர், குறிக்குப் பின்னால் நிற்பவர் யார் என்பதில் உள்ளது. விளையாட்டின் கதைக்குள் இதற்கு அழகிய விடை ஒன்று உண்டு. சின்னை வளர்த்த முதியவள் யூரிகோ, முதுகில் வீசும் காற்று அவன் தந்தை என்றும், மரங்களில் உள்ள பறவைகள் அவன் தாய் என்றும் உணர்த்துகிறாள். அவ்வளவு நேரம் இயக்கக் கருவியாக இருந்த காற்றும் பறவையும் அந்நொடியில் இறந்த பெற்றோராகின்றன. கதைக்கு வெளியே விடை எளியது: வடிவமைப்பாளர். சுஷிமாவில் ஆட்டக்காரருக்கென வைக்கப்படாத குறி ஒன்றுகூட இல்லை. ஊதா மலர் அங்கே பூத்தது ஆட்டக்காரர் வருவார் என்பதற்காகவே. இது ஒருவகை விருந்தோம்பல். விருந்தினர் வழி தவறக்கூடாது என்பதில் மிகுந்த அக்கறை கொண்ட விருந்தோம்பல். உண்மைத் தீவு மலையும் அடர்காடும் நிறைந்தது. விளையாட்டிலுள்ள பொன்னிறக் காடும் பரந்த மலர்வெளியும் பெரிதும் கலைஞர்களின் ஆக்கம்.

ஆற்றுப்படையில் நிலம் பயணியைப் பொருட்படுத்துவதில்லை. கற்பொறி பன்றிக்காக வைத்தது. கவண்கல் யானைக்காக எறிந்தது. கூத்தர் அவ்வழியே வருவார் என்பது பொறி வைத்தவருக்குத் தெரியாது. முன்பு சென்று மீண்ட ஒருவரின் சொல்லே அவற்றைக் குறிகளாக்குகிறது.

கற்பனைத் தீவின் குறிகளைப் படித்தவர்கள் உண்மைத் தீவுக்குத் திரும்பிய நிகழ்ச்சியும் இங்குக் கருதத்தக்கது. 2020 செப்டம்பரில் சூறாவளி ஒன்று சுஷிமாவின் வட்டசுமிக் கோயில் தோரண வாயிலைச் சாய்த்தது. அதை மீட்டெடுக்க 50 இலட்சம் யென் இலக்கோடு பொதுமக்களிடம் நிதி கேட்கப்பட்டது. உலகெங்குமுள்ள ஆட்டக்காரர்களும் அளித்ததில் இரண்டரைக் கோடி யென்னுக்கு மேல் சேர்ந்தது. விளையாட்டின் இயக்குநர்கள் நேட் ஃபாக்சு, சேசன் கானல் இருவரையும் 2021இல் அத்தீவின் சுற்றுலாத் தூதர்களாக அறிவித்தனர். விளையாட்டுக்குள் இயலாத புல்முடிச்சு, விளையாட்டுக்கு வெளியே ஒருமுறை முடியப்பட்டது எனலாம்.

குறி வைத்தவர் இல்லாத நிலம்: நெய்வேலி வட்டாரம்

வடிவமைப்பாளரும் இல்லாமல், முன்சென்று மீண்டவரும் இல்லாமல் நிலம் குறி காட்டும்போது நிகழ்வது என்ன? கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் அண்மையிலுள்ள முத்தாண்டிக்குப்பம் வட்டாரம் இதற்கு ஏற்ற களம். செம்மண், முந்திரித் தோப்பு, பலா என்பதே இதன் மேற்பரப்பு. 1930களில் நெய்வேலியில் சம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணற்றுக்காகத் துளையிட்டபோது, நீரோடு கறுப்புநிறப் பொருள் வெளிவந்தது. தண்ணீர் தேடியவருக்கு அது தடை. ஒதுக்கிவிட்டு வேறிடத்தில் துளையிட்டிருக்கலாம். அவர் அதை ஒரு குறியாகக் கொண்டு அரசின் கவனத்திற்குக் கொண்டுசென்றார். 1940களில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை துளையிட்டு ஆராய்ந்தது. 1956இல் நெய்வேலி நிறுவனம் தொடங்கப்பெற்று, 1961இல் பழுப்பு நிலக்கரி வெளிக்கொணரப்பட்டது.

கறுப்புப் பொருளைக் கண்டது புதிரின் முதற்பாதி மட்டுமே. நிலக்கரிப் படிவத்திற்கு அடியில் அழுத்தம் மிகுந்த ஊற்றுநீர் இருக்கிறது. மேல்மண்ணை அகற்றினால், தாங்கி நிற்கும் எடை குறைந்து, அந்நீர் படிவத்தைப் பிளந்து சுரங்கத்திற்குள் பீறிட்டெழும். சுரங்கத்தைச் சுற்றிலும் ஆழ்துளைகளிட்டு இரவும் பகலும் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருப்பதுதான் கண்டறியப்பட்ட விடை. சோகாகு மலையின் தீயை ஒருமுறை எட்டினால் போதும். இங்கு இறைப்பதை நிறுத்தினால் புதிர் மீண்டும் எழும். விடைக்கும் விலை உண்டு: நிலத்தடி நீரை நம்பிய சுற்றுப்புற வேளாண்மை அவ்விலையைப் பற்றி நெடுங்காலமாகப் பேசிவருகிறது.

சுரங்கம் நகர்ந்த இடங்களில் மேற்பரப்பின் குறிகளும் இடம்பெயர்ந்தன. ஊர்களும் தோப்புகளும் இருந்த இடத்தில் பள்ளம். சமவெளியாக இருந்த இடத்தில் அகற்றிய மண்ணைக் கொட்டியதால் எழுந்த குன்று. பலாமரம், ஏரிக்கரை, அய்யனார் கோயில் என்று அடையாளம் சொல்லி வழிகாட்டும் வழக்கம் அடையாளங்கள் நிலைத்திருக்கும் வரைதான் செல்லும். நிலம் கையகப்படும்போது பட்டாவும் பரப்பளவும் மரங்களின் எண்ணிக்கையும் பதிவாகின்றன. ‘அந்த மரத்துக்கு வடக்கே திரும்பு’ என்ற சொல்லுக்கு அப்பதிவேட்டில் கட்டம் இல்லை.

தமிழ்த்துறைகள் இங்குச் செய்யக்கூடிய களப்பணி தெளிவானது. முத்தாண்டிக்குப்பத்தையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்ந்த முதியோரிடம், ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு நடந்துசெல்லும் வழியைச் சொல்லச் செய்து ஒலிப்பதிவு செய்யலாம். அவர்கள் சுட்டும் மரம், மேடு, நீர்நிலை, கோயில், கிளைவழி ஆகியவற்றுள் எவை இன்றும் உள்ளன, எவை பெயராக மட்டும் எஞ்சியுள்ளன எனக் களத்தில் சரிபார்க்கலாம். மலைபடுகடாத்தின் வழிக்கூற்றில் எச்சரிக்கை, அடையாளம், உணவு கிடைக்குமிடம், தங்குமிடம் என்பன எவ்வரிசையில் வருகின்றன என்பதோடு அப்பதிவுகளை ஒப்பிடலாம். சுஷிமாவில் காற்றைப் பின்தொடர்ந்து பழகிய மாணவர்களையே இப்பணிக்கு அனுப்பலாம். அவர்களுக்குக் கைப்பேசி வரைபடத்தை அணைத்துவைத்து நடக்கும் பயிற்சி ஓரளவு முன்பே வாய்த்திருக்கிறது.